திறந்தவெளி யாருக்கு, வெளியேற்றம் யாருக்கு?

கூவம் ஆற்றுக்குள் தூண்கள் எழும்புகின்றன. துறைமுகத்தையும் மதுரவாயலையும் இணைக்கும் பறக்கும் சாலைக்கான தூண்கள். 2009இல் அடிக்கல் நாட்டப்பட்ட இத்திட்டத்தை, தூண்கள் ஆற்றின் போக்கைத் தடுக்கும் என்று சொல்லி 2012இல் அன்றைய தமிழக அரசே நிறுத்தி வைத்தது. பிறகு அது ஈரடுக்குப் பாலமாக உருமாறி 2022 மே மாதம் மறுபடியும் அடிக்கல் கண்டது. இடைப்பட்ட பத்தாண்டுகளில் கூவம் எந்த வகையில் அகலமாகிவிட்டது என்று யாரும் விளக்கவில்லை.

இதே ஆற்றின் கரையிலிருந்து, ஆற்றைச் சீரமைப்பதற்காக என்று சொல்லி 14,000க்கும் மேற்பட்ட குடும்பங்களை அகற்றுவதற்குப் பட்டியல் போட்டார்கள். ஆற்றின் போக்கைத் தடுக்கிறார்கள், கரையை ஆக்கிரமித்திருக்கிறார்கள் என்பதுதான் அந்த மக்கள் மீதான குற்றச்சாட்டு. அப்படி அகற்றப்பட்டவற்றில் ஒன்று தீவுத்திடலை ஒட்டியிருந்த சத்தியவாணி முத்து நகர். தாழ்த்தப்பட்டோர் முன்னேற்றக் கழகத்தைத் தொடங்கியவர், ஒன்றிய அமைச்சரவை வரை சென்ற தலித் பெண் தலைவர், அவர் பெயரைத் தாங்கிய குடியிருப்பு அது. 2019 டிசம்பரில், பள்ளி ஆண்டின் நடுவில், பெரும்பாக்கத்துக்கு லாரி ஏற்றினார்கள். கான்கிரீட் தூண் ஆற்றுக்குள் இறங்கினால் அது உட்கட்டமைப்பு. கரையில் தகரக் கூரை இருந்தால் அது ஆக்கிரமிப்பு.

நகரத்தில் கட்டக்கூடாத நிலம் என்று சில உண்டு. ஆறு, ஏரி, கால்வாய், சதுப்பு, கடற்கரை, பூங்கா, விளையாட்டுத் திடல். இவற்றைக் காப்பதற்கென்று சட்டங்களும் விதிகளும் இருக்கின்றன. 1971ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டம், அதன்கீழ் 2008இல் ஒப்புதல் பெற்ற சென்னையின் இரண்டாம் முழுமைத் திட்டம், 2019ஆம் ஆண்டு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2007ஆம் ஆண்டு ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டம். இவை வேண்டும் என்பதில் நமக்கு மாற்றுக் கருத்தில்லை. வெள்ளம் வந்தால் முதலில் மூழ்குவது நம் மக்களின் வீடுதான். ஆகவே ‘ஏழைகளுக்காக ஏரியை விட்டுக்கொடுங்கள்’ என்பது நம் வாதமல்ல. இந்த விதிகளுக்கு எத்தனை கதவுகள் இருக்கின்றன, அவற்றின் சாவி யாரிடம் இருக்கிறது என்பதைத்தான் பேச வேண்டியிருக்கிறது.

முதல் கதவு நிலப் பயன்பாட்டு மாற்றம். முழுமைத் திட்டத்தின் வரைபடத்தில் ஒவ்வொரு சர்வே எண்ணுக்கும் ஒரு வகைப்பாடு உண்டு: குடியிருப்பு, வணிகம், தொழில், நிறுவனம், விவசாயம், திறந்தவெளி மற்றும் பொழுதுபோக்கு என்று. திறந்தவெளி என்று குறிக்கப்பட்ட இடத்தில் பூங்காவோ விளையாட்டுத் திடலோ வரலாம், அடுக்குமாடி வராது. ஆனால் சட்டத்தின் 32ஆம் பிரிவு திட்டத்தைத் திருத்த இடம் தருகிறது. நில உரிமையாளர் விண்ணப்பிக்கிறார், நாளிதழில் ஓர் அறிவிப்பு வருகிறது, ஆட்சேபணை இருந்தால் எழுதலாம், குழு கூடி முடிவெடுக்கிறது. இந்த அறிவிப்புகளை என் ஆய்வுக்காகச் சேகரித்து வருகிறேன். டெண்டர் விளம்பரத்துக்கும் நினைவஞ்சலிக்கும் நடுவில், பொடி எழுத்தில், ஊர்ப் பெயரும் சர்வே எண்களும் மட்டும் இருக்கும். அந்தச் சர்வே எண் தன் தெருவுக்குப் பின்னால் பிள்ளைகள் பந்தாடும் வெட்டவெளிதான் என்று அந்தத் தெருவில் இருப்பவருக்கே தெரிய வழியில்லை. மக்களைக் கேட்டாகிவிட்டது என்று கோப்பில் எழுத மட்டும் அது போதும்.

இரண்டாவது கதவு 113ஆம் பிரிவு. எந்த நிலத்துக்கும் எந்தக் கட்டடத்துக்கும் சட்டத்தின் எந்தப் பிரிவிலிருந்தும் அரசு விலக்கு அளிக்கலாம் என்கிறது அது. இப்படி வழங்கப்பட்ட 62 விலக்கு ஆணைகளை எதிர்த்துத் தொடுத்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 2000ஆம் ஆண்டு தீர்ப்பானது. அதற்குள் மூன்றாவது கதவும் திறந்திருந்தது: 113-ஏ. 1998இல் கொண்டுவந்த இந்தத் திருத்தத்தின்படி, 1999 பிப்ரவரி 28க்கு முன் விதிமீறிக் கட்டிய கட்டடங்களைக் கட்டணம் வாங்கிக்கொண்டு வரைமுறைப்படுத்தலாம். ஒரே ஒரு முறைதான் என்றார்கள். பிறகு அந்தத் தேதியைத் திரும்பத் திரும்ப நீட்டித்தார்கள், உயர் நீதிமன்றம் குறுக்கிட்டது. 2012இல் 113-சி வந்தது, கெடு தேதி 2007 ஜூலை 1 ஆயிற்று. ரங்கநாதன் தெருவின் கட்டடங்கள் எப்படி நிற்கின்றன என்று வியப்பவர்கள் இந்தப் பிரிவுகளைப் படித்துப் பார்க்கலாம்.

நான்காவது கதவு இவற்றையெல்லாம் விடப் பெரியது. 2023 ஏப்ரலில் சட்டப்பேரவை நிறைவேற்றிய நில ஒருங்கிணைப்பு (சிறப்புத் திட்டங்களுக்காக) சட்டம். 100 ஹெக்டேருக்குக் குறையாத ஒரு பெருந்திட்டத்தின் நடுவே ஏரியோ ஓடையோ வாய்க்காலோ இருந்தால், அதையும் சேர்த்து நிலத்தை ஒருங்கிணைத்து மாற்றிக்கொள்ள வழிசெய்கிறது. நீரின் கொள்ளளவு குறையக்கூடாது என்ற நிபந்தனை இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் ஏரி என்பது தண்ணீரின் கொள்ளளவு மட்டுமா? அதன் கரை, மேய்ச்சல், மீன், ஆயக்கட்டு, அதன் ஓரத்தில் இருக்கும் சேரி, அதற்கப்பால் சேரிக்கென்று விட்ட இடுகாடு, இவை எந்த அளவுகோலில் அளக்கப்படும்? 100 ஹெக்டேர் என்பது ஏறத்தாழ 250 ஏக்கர். அந்தக் கதவு வழியாக நுழையக்கூடியவர்கள் யார் என்பதை அந்த எண்ணே சொல்லிவிடுகிறது.

இப்போது சேரிக்கு எத்தனை கதவு என்று பார்ப்போம். வருவாய்த்துறையின் மொழியில் புறம்போக்கு இரண்டு வகை: ஆட்சேபணையற்றது, ஆட்சேபணைக்குரியது. முன்னதில் நீண்டகாலம் குடியிருப்பவருக்குப் பட்டா கிடைக்க வாய்ப்புண்டு. 2025 பிப்ரவரியில் சுமார் 86,000 பேருக்குப் பட்டா வழங்க அமைச்சரவை முடிவெடுத்தது, அது வரவேற்க வேண்டியதுதான். ஆனால் நீர்நிலை என்று பதிவான நிலம் ஆட்சேபணைக்குரியது. அங்கே மூன்று தலைமுறை வாழ்ந்திருந்தாலும், குடும்ப அட்டை, வாக்காளர் அட்டை, மின் இணைப்பு எல்லாம் அரசே கொடுத்திருந்தாலும் கதவு கிடையாது. சென்னையில் குடிசைப் பகுதி என்று சட்டப்படி அறிவிக்கப்பட்டவை மொத்தம் 1,219. அவற்றில் 1,202 பகுதிகள் 1971இல், குடிசை மாற்று வாரியச் சட்டம் வந்த கையோடு அறிவிக்கப்பட்டவை. 17 பகுதிகள் 1985இல். அதற்குப் பிறகு பல பத்தாண்டுகளுக்கு ஒன்றுகூட இல்லை. அறிவிக்கப்பட்டால் வெளியேற்றத்துக்கு எதிராகச் சட்டத்தின் காப்பு கிடைக்கும். அதனாலேயே அறிவிப்பதில்லை. விதிமீறிய மாடிக்குக் கெடு தேதி முன்னோக்கி நகர்ந்துகொண்டே வந்தது, குடிசைக்கு அது 1985இல் உறைந்துவிட்டது.

ஊருக்கு வெளியே, தாழ்வான இடத்தில், ஓடைக்கும் சுடுகாட்டுக்கும் பக்கத்தில் சேரியை வைத்தது யார்? தீண்டப்படாதார் ஏன் ஊருக்கு வெளியே வாழ்கிறார்கள் என்ற கேள்வியை வைத்தே அண்ணல் அம்பேத்கர் 1948இல் ஒரு நூல் எழுதினார். சென்னை வளர்ந்தபோது ஊர் சேரியைச் சுற்றி வளைத்துக்கொண்டது. ஊருக்கு நல்ல நிலம் பட்டாவாயிற்று, சேரியின் நிலம் பதிவேட்டில் புறம்போக்காகவே கிடந்தது. சாதி ஒதுக்கிய இடத்தில் வாழ்ந்தவர்களை, அந்த இடத்தில் வாழ்ந்ததையே குற்றமாக்கி வெளியேற்றுகிறது நவீனத் திட்டமிடல்.

ஏரியைத் தூர்த்து ஊர் கட்டியவர்களுக்கு இந்தக் குற்றம் பொருந்துவதில்லை. மயிலாப்பூர் முதல் நுங்கம்பாக்கம் வரை நீண்டு கிடந்த பெரிய ஏரியைத் தூர்த்துத்தான் 1920களில் தியாகராய நகரை உருவாக்கினார்கள். எஞ்சிய பகுதியில் 1976இல் வள்ளுவர் கோட்டம் எழுந்தது. இன்றும் அங்கே ஏரி இருக்கிற இடம் தெருப் பெயர்ப் பலகை மட்டும்தான். மதுரையில் நீர்நிலை ஆக்கிரமிப்பு வழக்குகளை விசாரிக்கும் உயர் நீதிமன்றக் கிளையே உலகனேரிக் கண்மாயில்தான் நிற்கிறது. பக்கிங்காம் கால்வாய்க்குள் தூண் இறக்கி, கால்வாயின் மேலேயே ரயில் நிலையங்கள் கட்டிப் பறக்கும் ரயில் விட்டது அரசு. அதே கால்வாயை ஆக்கிரமித்ததாகச் சொல்லி 2022 மே மாதம் ராஜா அண்ணாமலைபுரம் கோவிந்தசாமி நகரில் வீடுகளை இடித்தபோது ஒருவர் தீக்குளித்து இறந்தார்.

இத்தகைய வெளியேற்றங்களுக்கு அடிக்கடி மேற்கோள் காட்டப்படும் தீர்ப்பு ஒன்று உண்டு. 2011 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் வழங்கிய ஜக்பால் சிங் எதிர் பஞ்சாப் மாநிலம். கிராமப் பொது நிலங்களிலிருந்து ஆக்கிரமிப்பாளர்களை அகற்றத் திட்டம் வகுக்குமாறு எல்லா மாநிலங்களுக்கும் சொன்ன தீர்ப்பு. அதில் நீண்டகால ஆக்கிரமிப்பும், கட்டடத்துக்குச் செய்த பெருஞ்செலவும், அரசியல் செல்வாக்கும் வரைமுறைப்படுத்தக் காரணமாகாது என்று இருக்கிறது. இந்த வரிகள் நம் ஆட்சியர் அலுவலகங்களுக்கு மனப்பாடம். அதே பத்தியிலேயே விதிவிலக்கும் இருக்கிறது: நிலமற்ற கூலித் தொழிலாளர்களுக்கோ பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கோ அரசு அறிவிக்கையின்படி குத்தகை தரப்பட்ட இடம், அல்லது ஏற்கெனவே பள்ளியோ மருந்தகமோ இயங்கும் இடம் என்றால் வரைமுறைப்படுத்தலாம். இந்த விதிவிலக்கு எல்லாரையும் காப்பாற்றாது, அரசின் அறிவிக்கை வேண்டும் என்பது உண்மைதான். ஆனால் யாரைக் கருத்தில் கொள்ள வேண்டும் என்று நீதிமன்றமே பெயர் சொல்லியிருக்கிறது. அந்த அறிவிக்கையை வெளியிடும் அதிகாரம் அரசிடம்தான் இருக்கிறது. மாடிகளுக்காக 113-ஏவும் 113-சியும் இயற்றத் தெரிந்த பேரவைக்கு இது மட்டும் தெரியாதா?

வெளியேற்றப்பட்டவர்கள் எங்கே போனார்கள் என்பதுதான் இதில் மிகக் கசப்பான பகுதி. 2000ஆம் ஆண்டில் தொடங்கிய கண்ணகி நகரும் அதை ஒட்டிய எழில் நகரும் சேர்ந்து 23,000க்கும் மேற்பட்ட வீடுகள். பெரும்பாக்கத்தில் 20,000க்கும் மேல். சுனாமிக்குப் பின் கட்டிய செம்மஞ்சேரியில் 6,700க்கும் மேல். மூன்றும் பள்ளிக்கரணைச் சதுப்பை ஒட்டிய தாழ்வான நிலப்பரப்பில் இருக்கின்றன. ஆற்றங்கரையில் இருந்தால் வெள்ளத்தில் சாவீர்கள் என்று சொல்லித் தூக்கிக்கொண்டுபோய், நகரம் முழுவதன் வெள்ளமும் வடிந்து சேரும் இடத்தில் இறக்கினார்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தில் அங்கேயும் தண்ணீர் புகுந்தது. அந்த வெள்ளம் மனிதர்களால் விளைந்த பேரிடர் என்றது இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை. ஆனால் அதற்குப் பின்னும் அடையாற்றங்கரையிலிருந்து குடும்பங்களை அதே பெரும்பாக்கத்துக்குத்தான் கொண்டுபோனார்கள். சைதாப்பேட்டையில் வீட்டு வேலை பார்த்த பெண்ணுக்கு வேலை இருபது கிலோமீட்டர் தள்ளிப் போயிற்று. பிள்ளைக்குப் பள்ளி போயிற்று. முகவரியைச் சொன்னாலே ‘அந்த ஏரியாவா’ என்று முகம் சுளிக்கும் ஒரு புதுத் தீண்டாமை வந்து சேர்ந்தது. சேரியைப் பேரூராட்சி அளவுக்குப் பெரிதாக்கி, ஊருக்கு வெளியே மறுபடி நட்டிருக்கிறார்கள்.

பள்ளிக்கரணை 1960களில் 5,000 ஹெக்டேருக்கு மேல் பரந்திருந்த சதுப்பு. இன்று அதில் பெரும்பகுதி இல்லை. தகவல் தொழில்நுட்ப வளாகங்கள், ஆய்வு நிறுவனங்கள், ரயில், பெருங்குடியில் 200 ஏக்கருக்கு மேல் பரவிய குப்பைக் கிடங்கு எல்லாம் தின்றது போக எஞ்சியதில் 317 ஹெக்டேர் 2007இல் காப்புக்காடாயிற்று. 2022இல் 1,247 ஹெக்டேர் ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. ஆனால் எல்லை தரையில் அளந்து முடிக்கப்படாததால், அதற்குள்ளும் அதை ஒட்டியும் கட்டட அனுமதிகள் போய்க்கொண்டே இருந்தன. 2025 செப்டம்பரில் தேசிய பசுமைத் தீர்ப்பாயம், எல்லை வரையறை முடியும்வரை ஒரு கிலோமீட்டர் சுற்றளவுக்கு அனுமதி கூடாது என்றது. நல்ல உத்தரவு. அனுமதி தடைபட்ட வீட்டுமனைக்காரர்களின் குரல் உடனே எல்லாத் தொலைக்காட்சிகளிலும் கேட்டது. அவர்களில் உண்மையாகவே பாதிக்கப்பட்ட நடுத்தரக் குடும்பங்கள் உண்டு. ஆனால் இதே சதுப்பின் ஓரத்தில் அரசே கட்டிக் குடிவைத்த மக்கள் ஒவ்வொரு அடைமழைக்கும் முழங்கால் தண்ணீரில் நிற்பதை இவ்வளவு அக்கறையோடு யாரும் காட்டவில்லை. நாளை சதுப்பை மீட்க வேண்டும் என்று வரும்போது முதல் புல்டோசர் எந்தக் கட்டடத்தின் முன் நிற்கும் என்பதை யூகிக்க ஆய்வு எதுவும் தேவையில்லை. சூழலியல் இயக்கத் தோழர்களிடம் இதைச் சொன்னால் ‘சாதியை எல்லாவற்றிலும் இழுக்காதீர்கள்’ என்பார்கள். நாங்கள் இழுக்கவில்லை, வரைபடத்தில் அது ஏற்கெனவே இருக்கிறது.

காக்கும் விதி ஒருபுறமிருக்க, திறந்தவெளியைப் புதிதாக உண்டாக்கும் விதியும் ஒன்று உண்டு. அதைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை. மனை 3,000 சதுர மீட்டரைத் தாண்டினால், சாலை போக மீதியில் 10 விழுக்காடு பொதுத் திறந்தவெளியாக ஒதுக்க வேண்டும். 10,000 சதுர மீட்டர் வரை, இடம் தர இயலாவிட்டால் வழிகாட்டி மதிப்பில் பணமாகக் கட்டலாம். அதற்கு மேல் என்றால் பணம் கட்டித் தப்ப முடியாது, தானப் பத்திரம் எழுதி உள்ளாட்சியிடம் ஒப்படைத்தாக வேண்டும். அப்படி ஒப்படைத்த நிலம் பொதுச் சொத்து. நடப்பில் அது அடுக்குமாடியின் மதில் சுவருக்குள் புல்வெளியாகவும் நடைபாதையாகவும் இருக்கிறது. வாசலில் காவலாளி இருக்கிறார். பக்கத்துச் சேரிப் பையன் பந்தோடு உள்ளே போக முடியுமா? வியாசர்பாடியிலிருந்தும் காசிமேட்டிலிருந்தும் வந்த கால்பந்து வீரர்களைப் பற்றிப் பெருமையாகப் படம் எடுக்கிறோம். அவர்கள் ஆடிய மண் திடல்களுக்கு ஈடாக நகரம் எத்தனை ஒதுக்கீட்டு நிலங்களை அவர்கள் தெருவுக்கு அருகில் திறந்துவிட்டது என்று கணக்குக் கேட்க வேண்டும். பணமாகக் கட்டியது எந்த வார்டில் எதை வாங்கச் செலவானது என்றும் கேட்க வேண்டும்.

நகரத்துக்குள் இடமே இல்லை, அதனால்தான் தொலைவில் குடிவைக்கிறோம் என்ற வாதத்துக்குக் கிண்டி ஒன்றே பதில். குதிரைப் பந்தயத்துக்காக 160 ஏக்கர் அரசு நிலம் 1945இல் 99 ஆண்டுக் குத்தகைக்குப் போனது. ஆண்டு வாடகை 614 ரூபாய் சொச்சம். வாடகை பாக்கி 730 கோடி ரூபாய்க்கு மேல் என்று சொல்லி 2024 செப்டம்பரில் அரசு அதைத் திரும்ப எடுத்தது. பூங்காவும் வெள்ளநீர் தேக்கக் குளங்களும் வரும் என்றார்கள். வரட்டும், தென்சென்னைக்கு அது தேவை. ஆனால் அத்தனை கோடி பாக்கி வைத்தவர்களை யாரும் ஆக்கிரமிப்பாளர் என்று அழைத்து ஒரே இரவில் லாரி ஏற்றவில்லை என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். அந்த நிலத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில் அடையாற்றங்கரை. அங்கிருந்து அகற்றப்பட்ட குடும்பங்களுக்கு வீடு கட்ட, திறந்தவெளியைத் தொடாமலே, மத்திய நகரில் பழைய அலுவலக வளாகங்களும் கிடங்குகளும் பயனற்றுக் கிடக்கும் அரசு மனைகளும் உண்டு. அவை ஏலத்துக்கு வரும்போது மட்டும் கண்ணில் படுகின்றன.

சென்னைப் பெருநகரத் திட்டப் பகுதி 1,189 சதுர கிலோமீட்டராக இருந்தது. 2022இல் 5,904 சதுர கிலோமீட்டராக விரிந்துவிட்டது. 2027 முதல் 2046 வரைக்கான மூன்றாம் முழுமைத் திட்டம் தயாராகிறது. இந்த விரிவுக்குள் வருவதில் பெரும்பகுதி பழைய செங்கல்பட்டு மாவட்டத்து நிலம். 1891இல் ட்ரெமன்ஹீர் தன் அறிக்கையை எழுதியதும், 1892 ஆணையின்படி மாகாணம் முழுவதும் ஏறத்தாழ 12 லட்சம் ஏக்கர் பஞ்சமி நிலம் வழங்கப்படக் காரணமானதும் இந்த மாவட்டத்து மக்களின் நிலைதான். அந்த நிலத்தை மீட்கச் சொன்ன போராட்டத்தில் 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் ஜான் தாமஸும் ஏழுமலையும் போலீஸ் துப்பாக்கிக்குப் பலியானார்கள். பஞ்சமி நிலமும் பாதுகாக்கப்பட்ட நிலம்தான். தலித் அல்லாதாருக்குக் கைமாறக் கூடாது என்ற நிபந்தனையோடு வந்தது. வரைபடத்தில் இன்று அது ‘விவசாயம்’ என்ற ஒரே நிறத்தில் கரைந்திருக்கும். அது குடியிருப்பாகவோ தொழிலாகவோ வகை மாறும் நாளில், நூறாண்டு மோசடி சட்டப்படி முடிந்துவிடும்.

எனவே திட்ட வரைவு வெளியாகும்போது நாம் அனுப்ப வேண்டிய ஆட்சேபணையில் இவை இருக்கட்டும். வகைப்பாடு மாறும் ஒவ்வொரு சர்வே எண்ணையும் பழைய அ-பதிவேட்டோடு ஒப்பிட்டு, நிபந்தனை நிலம் இல்லை என்று வட்டாட்சியர் கையெழுத்திட்ட பின்னரே விண்ணப்பம் ஏற்கப்பட வேண்டும். அறிவிப்பு நாளிதழின் மூலையில் அல்ல, அந்த நிலத்திலும் அதை ஒட்டிய சேரியிலும் தமிழில் ஒட்டப்பட்டு, பகுதி சபையில் வாசிக்கப்பட வேண்டும். நீர்நிலையிலிருந்து மக்களை அகற்றியே தீர வேண்டுமென்றால், அதே நீர்நிலையில் உள்ள அரசு, தனியார் கட்டடங்களின் பட்டியலை முதலில் வெளியிட்டு, மாற்று வீட்டை மூன்று கிலோமீட்டருக்குள் கட்டி முடித்த பிறகே அகற்ற வேண்டும். திறந்தவெளி ஒதுக்கீட்டு நிலங்களின் சர்வே எண், பரப்பு, நுழைவாயில் எல்லாம் வார்டு வாரியாக இணையத்தில் வர வேண்டும். வரைவு ஆங்கிலத்தில் மட்டும் வந்தால் அதையே முதல் ஆட்சேபணையாக எழுதுங்கள். தெருவுக்கு ஒருவர் சர்வே எண்ணைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும், அதைக் கிராம நிர்வாக அலுவலரிடம் இப்போதே கேட்டு வாங்கலாம்.